அடிமூட்டை அண்ணாச்சியும் நூறு மூட்டை வற்றலும்

தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் உள்ள வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து தங்கள் சரக்கை விற்பதற்குப் பட்ட பாட்டைவிட, தன் சரக்கு விற்றுவிடாமல் இருப்பதற்கு அடிமூட்டை அண்ணாச்சி ஒருவர் பட்ட பாடு அதிகம். இதில் மிகை இல்லை. நான்கு ஆண்டுகள் அவருடைய மண்டியில் உட்கார்ந்து, அந்தப் பாட்டையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, உறையில் இட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பிவைத்தவள் நான்தான்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. சுற்றியுள்ள கிராமங்களில் விளைந்து காய்ந்த மிளகாய் வற்றலையும் கொத்தமல்லியையும் சேர்த்து, சென்னையிலும் கோவையிலும் இருந்த மசாலாப் பொடி கம்பெனிகளுக்கு அனுப்புவது அண்ணாச்சியின் தொழில். கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார்கள். அதைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதவும் அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நானோ தட்டச்சில் ஹையர் தேறிவிட்டு, நூலகத்து நாவல்களை அலமாரி அலமாரியாகப் படித்துத் தீர்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர் என்ற ஒரே காரணத்துக்காக, முதல் நாளிலிருந்தே அண்ணாச்சி என்னை ‘டீச்சர்’ என்று அழைத்தார். நான் யாருக்கும் எதுவும் கற்பித்ததில்லை. அவருக்கு வியாபாரம் கற்பிக்க முயன்று தோற்றது தனி.

அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. ரசீதுப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. ‘அடிமூட்டை’ என்ற பெயர் எப்படி வந்தது என்பதை விளக்க, எங்கள் கடைவீதியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வற்றல் வியாபாரத்தில் எல்லாம் மாதிரியை வைத்துத்தான் நடக்கும். எங்கேயோ சென்னையில் இருக்கும் கம்பெனி, இங்கே அடுக்கியிருக்கும் மூட்டைகளைக் காண முடியாது. ஆகவே இரண்டு கைப்பிடி வற்றலைப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். விவசாயிகள் மூட்டையைத் தைக்கும்போதே, பழுத்துச் சிவந்த நல்ல வற்றலாகப் பார்த்து வாய்ப்பக்கம் வைப்பார்கள். மண்டிக்காரர் அந்த வாய்ப்பக்கத்தைப் பிரித்து மாதிரி எடுப்பார். இதில் பெரிய ஏமாற்று ஒன்றும் இல்லை. வாங்குகிறவருக்கும் இது தெரியும். மாதிரியின் அழகில் பாதியை மனத்துக்குள் கழித்துக்கொண்டுதான் அவரும் விலை சொல்வார். எழுதாத ஒப்பந்தம், எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதிக்குள்தான் அண்ணாச்சி வந்து உட்கார்ந்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, கோவைக் கம்பெனி ஒன்றுக்கு மாதிரி அனுப்ப வேண்டியிருந்தது.

“ஏலே சங்கிலி, அடிமூட்டைய எடு” என்றார்.

மண்டியில் மூட்டை தூக்கும் சங்கிலி, அடுக்கை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தான். “அண்ணாச்சி, மேல பதினோரு மூட்டை கெடக்கு.”

“அப்ப பதினொண்ணையும் எறக்கு.”

பதினொன்றும் இறங்கின. பன்னிரண்டாவதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் அடித்தையலைப் பிரித்தார்கள். அண்ணாச்சி குத்தவைத்து உட்கார்ந்து, காணாமல் போன மூக்குத்தியைத் தேடுபவரைப் போல வற்றலைக் கிளறினார். வெளுத்தது, சுருங்கியது, உடைந்தது, காம்பு மட்டும் மிஞ்சியது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொட்டலத்தில் இட்டார். நடுவில் ஒரு நல்ல வற்றல் அகப்பட்டுவிட்டது. அதைச் சங்கடத்தோடு பார்த்துவிட்டு மூட்டைக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

“அண்ணாச்சி, இதுக்குப் பேரு மாதிரி இல்ல. கழிவு” என்றேன். வேலைக்குச் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

“டீச்சர், மாதிரியப் பாத்து அவுக அழணும். சரக்கு போய் எறங்குறப்ப சிரிக்கணும்.”

“மாதிரியப் பாத்து அழுதவுக சரக்க எதுக்குக் கேப்பாக?”

“கேட்டா நமக்கு நல்லது. கேக்காட்டி அவுகளுக்கு நல்லது. இதுல யாருக்கு என்ன நட்டம்?”

நட்டம் அவருக்குத்தான் என்பதை நான் அடுத்த நான்கு ஆண்டுகளும் பல வகைகளில் எடுத்துச் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் மற்ற மண்டிகளின் மாதிரியில் பாதியைக் கழிப்பதுபோல, இவருடைய மாதிரியிலும் பாதியைக் கழித்துப் பார்த்தார்கள். கழித்தபின் மிஞ்சியது குப்பை. ‘தங்கள் மாதிரி கிடைத்தது, வருந்துகிறோம்’ என்று கடிதம் வரும். நான் படித்துச் சொல்வேன். “பாத்தீகளா, மரியாதையா எழுதியிருக்காக” என்று அண்ணாச்சி மகிழ்ந்துபோவார்.

மண்டியின் பலகையில் ‘இவ்விடம் சுமாரான வற்றல் கிடைக்கும்’ என்று எழுதியிருந்தது. பெயின்டர் மூன்று முறை வந்து, “அண்ணாச்சி, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனாராம். ‘முதல் தரம்’ என்று எழுதலாமே என்று நான் கேட்டதற்கு, “முதல் தரம் வந்தா எழுதிக்கிடலாம். பலகை எங்க போவுது, அங்கனதான் தொங்கும்” என்றார்.

மல்லி விஷயத்தில் இன்னும் மோசம். ஒரு முறை மல்லி மாதிரியில் சிறு கற்கள் இரண்டு கிடந்தன. நான் ஒதுக்கப் போனேன். கையைத் தடுத்துவிட்டார். “இருக்கட்டும் டீச்சர். ஒண்ணுதான் கெடந்துச்சு. அவுக கண்ணுல படாமப் போயிருமோன்னு நான் இன்னொண்ணு போட்டேன்.”

கடிதங்கள்தான் எனக்கு வாய்த்த தனிக் கொடுமை. ஒவ்வொரு மாதிரியோடும் சரக்கின் குறைகளைப் பட்டியலிட்டு ஒரு கடிதம் போயாக வேண்டும். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். ‘வெளுத்துப்போய்க் கெடக்கு’ என்று அவர் சொன்னால், ‘நிறத்தில் சிறிது மாறுபாடு காணப்படலாம்’ என்று நான் நாகரிகமாக அடிப்பேன். அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும்.

“டீச்சர், நான் அஞ்சு கொறை சொன்னேன். இங்கன நாலு வரிதான் இருக்கு.”

“ரெண்டு கொறையச் சேத்து ஒரே வரியில எழுதிட்டேன் அண்ணாச்சி.”

“சேக்கக் கூடாது. ஒவ்வொண்ணும் தனியா நிக்கணும். கூட்டத்துல நின்னா கொறை ஒளிஞ்சுக்கிரும்.”

பிறகு ஐந்தாவது வரியையும் அடித்துக் கொடுத்தால்தான் கையெழுத்து விழும். இலக்கணமும் நாகரிகமும் கற்ற ஒருத்தியை, வரியை விரலால் எண்ணும் ஒரு மனிதர் நான்கு ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தார்.

வீட்டிலும் அவர் வேறு மாதிரி இருந்ததில்லை. மதியச் சாப்பாடு கொண்டுவரும் அவருடைய மனைவி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “பொண்ணு பாக்க வந்தப்பவே, எனக்குக் கொறட்டை உண்டு, கோவம் உண்டு, ஒரு பல்லு ஆடுதுன்னு வரிசையாச் சொல்லிட்டாக. எங்கப்பாவுக்குப் பகீர்னு ஆயிருச்சு. இம்புட்டையும் தானாச் சொல்றவரு, இன்னும் எம்புட்ட மறைச்சு வச்சிருக்காரோன்னு ஆறு மாசம் ஊரூரா விசாரிச்சாக.”

“என்ன தெரிஞ்சுச்சு அக்கா?”

“ஒண்ணும் தெரியல. அந்தப் பல்லுகூட இன்னும் விழுகல.”

இப்படிப்பட்டவர் எப்படிப் பிழைத்தார் என்றால், ஓர் ஆர்டர் அங்கே, ஓர் ஆர்டர் இங்கே என்று பிழைத்தார். சென்னைக் கம்பெனி ஒன்று மட்டும், வேறு எங்கும் கிடைக்காத நேரத்தில் இரண்டு முறை பத்துப் பத்து மூட்டை வாங்கிப் பார்த்தது. மாதிரியைவிடச் சரக்கு நன்றாக இருந்ததைக் கண்டு அவர்கள் குழம்பிப்போய், ‘தவறுதலாக வேறு மூட்டைகளை அனுப்பிவிட்டீர்களா’ என்று கேட்டு எழுதினார்கள். அண்ணாச்சி அந்தக் கடிதத்தை என்னிடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மூன்றாம் ஆண்டு கோடையில்தான் நிலைமை முற்றியது. அந்த வருடம் எல்லா ஊரிலும் வற்றல் கொழித்துவிட்டது. அனுமந்தன்பட்டியிலிருந்து ஆறு குடும்பத்தார், வேறு மண்டிகளில் இடம் இல்லாமல், மொத்தம் நூறு மூட்டையைக் கொண்டுவந்து எங்கள் ஷெட்டில் இறக்கினார்கள். “அண்ணாச்சி, நீக பாத்து அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் ஷெட்டின் கூரைத் தகரத்தின் வழியாக வானத்தை நன்றாகப் பார்க்கலாம். ஆனி பிறந்தால் மேற்கு மலையைத் தாண்டிச் சாரல் வரும். ஈரக் காற்று பட்ட வற்றல் முதலில் தளரும், பிறகு கறுக்கும், பிறகு பூசணம் பூக்கும். பூத்துவிட்டால் அதை எந்தக் கம்பெனியும் தொடாது. வைகாசி முடிவதற்குள் அந்த நூறு மூட்டையும் லாரி ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு குடும்பங்களின் ஒரு வருட உழைப்பு எங்கள் ஷெட்டிலேயே மக்கிவிடும்.

நூறு மூட்டையை ஒரே தடவையில் வாங்கக்கூடியவர்கள் அந்தச் சென்னைக் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். வைகாசி இரண்டாம் வாரத்தில் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ‘மாதிரியை உடனே அனுப்பவும்.’

அன்று அண்ணாச்சி போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தகரத்தின் ஓட்டையில் தெரிந்த ஒரு துண்டு மேகத்தைப் பார்த்தேன். அவர் வந்தால் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும். பதினோரு மூட்டையை இறக்கி, பன்னிரண்டாவதின் அடியிலிருந்து உலகத்தில் உள்ள துயரம் முழுவதையும் பொறுக்கி அனுப்புவார். வருத்தக் கடிதம் மரியாதையாக வரும். பின்னாலேயே சாரலும் வரும்.

“சங்கிலி, மேல இருக்குறதுல ஒரு மூட்டைய எறக்கு. வாய்ப்பக்கத்தப் பிரி” என்றேன்.

சங்கிலி ஒரு கணம் என்னைப் பார்த்தான். “நெசமாவா? ஒத்த மூட்டைதானா?” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கண்ணைப் பறிக்கும் சிவப்பு. இரண்டு கைப்பிடி எடுத்து, வழக்கம்போல இரண்டு பொட்டலமாகக் கட்டினேன். ஒன்று கம்பெனிக்கு, மற்றொன்று எங்கள் அலமாரிக்கு. கூடவே போன கடிதத்தில் குறை என்ற பேச்சே இல்லை. இரண்டே வரி. தபாலில் போட்டுவிட்டு வந்தபோது, ஊரைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு நடந்து வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எட்டாம் நாள் ஆர்டர் வந்தது. நூறு மூட்டையும் வேண்டும்; விலையும் அவர்கள் கொடுக்கும் உயர்ந்த விலை. நான் படித்து முடித்ததும், சந்தோஷத்துக்குப் பதிலாக அண்ணாச்சியின் முகத்தில் சந்தேகம் படர்ந்தது.

“டீச்சர், இவுக ஏன் வாங்குறாக?”

“பிடிச்சிருக்கு, வாங்குறாக அண்ணாச்சி.”

“என்னத்தப் பாத்துப் பிடிச்சுச்சு?”

எழுந்து போய் அலமாரியைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு வற்றலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது நம்ம மூட்டைதானா?”

“ஆமா அண்ணாச்சி.”

“எந்தப் பக்கத்துல எடுத்தது?”

சங்கிலி ஒரு சாக்கை மிகுந்த கவனத்தோடு மடிக்கத் தொடங்கினான்.

“ஊருல எல்லாரும் வாய்ப்பக்கந்தான எடுக்குறாக அண்ணாச்சி” என்றேன் கடைசியில். “வாங்குறவுகளும் கழிச்சுத்தான பாப்பாக?”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தணிந்த குரலில் சொன்னார்: “மத்தவுக பொட்டலத்தக் கழிச்சுப் பாப்பாக. நம்ம பொட்டலத்த இந்தக் கம்பெனிக்காரவுக மட்டும் கழிக்க மாட்டாக டீச்சர். ரெண்டு தடவை வாங்கிப் பாத்துட்டாக. இவன் அனுப்புனா அது அடிமூட்டைன்னு பழகிட்டாக. இப்ப இதையும் அடிமூட்டைன்னுல்ல நெனச்சிருப்பாக? அடியே இப்படிச் செவந்து கெடந்தா மேல எப்படி இருக்கும்னுல்ல நூறு மூட்டை கேட்டிருக்காக?”

அந்தக் கோணத்தை நான் யோசித்திருக்கவில்லை. நான் அனுப்பியது வெறும் வற்றல் இல்லை, அவர் இத்தனை காலம் நட்டப்பட்டுச் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கை என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்த பிறகும் எரிச்சல் குறையவில்லை. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

“தந்தி எழுதுங்க” என்றார். “மாதிரி தப்பு. நம்பாதீக. அடிமூட்டை மாதிரி தனியா வருது.”

“அண்ணாச்சி, இத அனுப்புனா ஆர்டர் போயிரும். சாரல் வந்துரும். அந்த ஆறு குடும்பத்துக்கும் யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன். நீக தந்தி எழுதுங்க.”

தந்தி ஆபீஸில் இருந்தவர் தாளைப் படித்துவிட்டு, “யாருக்கும்மா என்ன ஆச்சு?” என்று கனிவோடு விசாரித்தார். வற்றலுக்கு என்றேன்.

நான்காம் நாள் காலை, கம்பெனியின் கொள்முதல் மேனேஜரே பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினார். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, கையில் தோல் பை, முகத்தில் எல்லாம் தெரியும் என்ற சிரிப்பு. வந்ததும் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்: “இருபது வருஷமா கொள்முதல்ல இருக்கேங்க. தன் சரக்கு நல்லா இல்லன்னு தந்தி அடிச்ச ஆளை நான் பார்த்ததே இல்ல. வேற யாரோ கூடுதல் விலை தர்றேங்கறாங்க, அதானே? எங்களைக் கழட்டி விடப் பாக்கறீங்க.”

“இல்ல சார். மாதிரி நெசமாவே தப்பு.”

“பார்த்துடறேன்” என்று சட்டைக் கையை மடித்துவிட்டார் மேனேஜர்.

மூட்டைகளை இரண்டு பக்கமும் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் தானே முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். அண்ணாச்சி பின்னாலேயே போய், “சார், இன்னும் கீழ விடுங்க. அங்கனதான் மோசம்” என்று வழிகாட்டினார். அது மேனேஜரின் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. மோசத்தைக் காட்டக் காட்ட, எதையோ மறைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்து அவர் மேலும் வேகமாகத் துழாவினார். உச்சி வேளைக்குள் அறுபது மூட்டை ஆகிவிட்டது. அப்போது நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் போக, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போட்ட சத்தம் ரயிலடி வரை கேட்டிருக்கும். சங்கிலி தண்ணீரை அள்ளி ஊற்றினான், எரிச்சல் கூடியது. அண்ணாச்சியின் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு அந்த நேரம் பார்த்து வந்து, “அட அறிவு கெட்டவனே, மோர எடுலே!” என்று அவனை விலக்கி, மோரில் நனைத்த துணியை மேனேஜரின் இரண்டு கண்களிலும் வைத்துக் கட்டினார். கைகளில் தேங்காய் எண்ணெய் தடவினார். மேனேஜர் பெஞ்சின் மேல் மல்லாந்து கிடந்தார். காதுகள் மட்டும்தான் வேலை செய்தன.

இந்த வாய்ப்பை அண்ணாச்சி நழுவவிடவில்லை. “டீச்சர், சாருக்குக் கண்ணுதான தெரியல. நம்ம கொறைப் பட்டியல வாசிங்க” என்றார்.

“அண்ணாச்சி, மனுசன் துடிச்சுக்கிட்டுக் கெடக்காக!”

“சும்மா கெடக்குற நேரந்தான? வாசிங்க.”

வாசித்தேன். நிறம் கலந்தது, அடியில் உடைசல் உண்டு, நீளம் ஒரே அளவில்லை என்று பதினான்கு குறைகள், பதினான்கு வரிகள். பத்தாவது வரியில் மேனேஜரின் வயிறு குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துத் துணியை அவிழ்த்து உட்கார்ந்தபோது, கண்கள் இரண்டும் எங்கள் முதல் மாதிரியைப் போலச் சிவந்திருந்தன. “நீங்க சொன்னது நிஜம்தாங்க” என்றார். “நிறம் கலந்துதான் இருக்கு. ஆனா ஈரம் இல்ல, பூசணம் இல்ல. பொடியா அரைச்சா எல்லாம் ஒண்ணாயிடும். விலையில ஒரு படி இறக்கிக்கறேன். நூறையும் எடுத்துக்கறேன்.”

ஆறு குடும்பங்களின் முகங்களும் என் முன்னால் வந்து போயின. நான் மூச்சுவிடுவதற்குள், அவர் ஆர்டர் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஒரே ஒரு விஷயம். முதல் மாதிரியை எடுத்தது யாரு? ஆபீஸ்ல கேப்பாங்க. வேலை பாக்கறவங்க யாராவது செஞ்சிருந்தா, அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

நான் எழுந்து நின்றேன். “சார், அது வந்து...”

“டீச்சர், நீக உக்காருங்க” என்றார் அண்ணாச்சி. பிறகு மேனேஜரைப் பார்த்து, “நான்தான் சார் எடுத்தேன்” என்றார்.

அவருடைய காதுகள் சிவந்துவிட்டன. பார்வை மேனேஜரிடம் இல்லை, சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்தது. அறுபது வயதில் முதன்முறையாக ஒரு வேலையைச் செய்கிறவருக்கு உள்ள அத்தனை தடுமாற்றமும் அவரிடம் இருந்தது.

“கண்ணு முன்ன மாதிரி இல்ல சார். வாய்த்தையலுக்கும் அடித்தையலுக்கும் வித்தியாசம் தெரியல. அடிப் பக்கம்னு நெனச்சு வாயப் பிரிச்சுட்டேன்.”

வற்றல் வியாபாரிக்குக் கண்தான் எல்லாம். தெருவின் அந்த முனையில் வண்டியில் வரும் மூட்டையைப் பார்த்து, அது யார் தோட்டத்து வற்றல் என்று சொல்லக்கூடியவர் அண்ணாச்சி. அவர் தன் வாயால் இதைச் சொன்னதும் சங்கிலி கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டுவிட்டான்.

மேனேஜர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். “கண்ணு சரியில்லாதவர் பார்த்து வாங்கின மூட்டையை நான் எப்படிங்க நம்பி ஏத்தறது? நான் பிரிச்சுப் பார்த்தது அறுபது. அதை மட்டும் எடுத்துக்கறேன். எரியற இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தைப் பாக்க என்னாலயும் ஆகாது.” பேனாவைத் திறந்துகொண்டே, “ஆள் வேற யாராவதா இருந்தா நூறும் லாரி ஏறும். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

“யோசிக்க ஒண்ணுமில்ல சார். கண்ணு என்னோடதுதான்.”

முதல் மாதிரி எப்படித் தவறியது என்று அவர்கள் ஆபீஸுக்குக் கொடுத்த கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். குறை ஒன்றே ஒன்று, ஒரே வரி. அவர் விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அறுபது மூட்டை மறுநாள் லாரி ஏறியது. மிச்சமிருந்த நாற்பதையும் தானே விலைக்கு எடுத்துக்கொண்டு, இனி அது தன் சொந்தச் சரக்கு என்று அண்ணாச்சி அனுமந்தன்பட்டிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் சாரல் பிடித்துக்கொண்டது. ஆனி முழுவதும், வெயில் எட்டிப் பார்த்த போதெல்லாம் நாற்பது மூட்டை வற்றலையும் விரித்தோம். தூறல் விழுந்த போதெல்லாம் அள்ளினோம். நானும் அள்ளினேன். என் நகக்கண்களில் இருந்த காரம் ஆடி மாதம்தான் போயிற்று. தேறியதை அவர் வாரச் சந்தையில் கொண்டுபோய் வைத்து, வாங்க வந்த பெண்களிடம், “ஆத்தா, அடுத்த கடையையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வா” என்று சொல்லிச் சொல்லி விற்றார்.

ஒரு நாள் அள்ளிக்கொண்டிருக்கும்போது, “அண்ணாச்சி, நான் அந்தக் கம்பெனிக்கு உள்ளத எழுதிர்றேன்” என்றேன்.

“என்னன்னு எழுதுவீக?”

“நான்தான் எடுத்தேன்னு.”

“எழுதுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஓரத்த அள்ளுங்க, தூறுது.”

அவருக்குப் பொய்யைச் சொல்லத் தெரியாது. ஆனால் சொன்ன பொய்யை ஒழுங்காகக் காப்பாற்றத் தெரிந்திருந்தது. கடைவீதி முழுவதும் செய்தி பரவிவிட்டது. எதிர் மண்டிக்காரர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணாச்சி, இது வாயா, அடியா? பாத்துச் சொல்லுங்க” என்று கேலி செய்தார்கள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடவித் தடவிப் பார்த்து, “ஒண்ணும் புரியலப்பா” என்பார். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று, மதுரைக்குப் போய்த் தடித்த சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி ஒன்றும் வாங்கி வந்துவிட்டார். அது மூக்கை அழுத்தியது, வியர்வையில் வழுக்கியது, மல்லித் தூசி படிந்து மங்கியது. தூக்கி எறிந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். கேட்கவில்லை. அவர் என் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

அடுத்த ஆண்டு எனக்கு மதுரையில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளப் போன அன்று, அவர் மண்டியில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கவிழ்த்த மூட்டையின் அடியிலிருந்து வெளுத்த வற்றலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாகக் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினார். தலை நிமிர்ந்து பார்த்து, வந்தது நான் என்று தெரிந்ததும், நிம்மதியாக அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணாடியில் பவர் இல்லை என்பது அவரைத் தவிர எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.